கதவு மூடித்தான் இருக்கிறது, போன்தான் நம்ப மறுக்கிறது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ரோலர் கதவைப் போனில் திறக்கவும் மூடவும் நானே ஒரு பெட்டி செய்து பூட்டி ஆறு வருடம் ஆகிறது. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஈஎஸ்பி32 போர்ட் (வைஃபையோடு வரும் சின்னக் கணினி), மோட்டாரின் சுவர் பட்டனோடு இணைந்த ஒரு ரிலே (போர்ட் சொன்னால் பட்டனை அழுத்துகிற மாதிரிச் சுற்றை மூடும் சுவிட்ச்), கதவின் அடியில் ஒரு காந்தச் சுவிட்ச் (கதவில் ஒட்டிய காந்தம் கிட்ட வந்ததா என்று பார்க்கும் சென்சர்). இதே மாதிரிச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதினேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான்: அந்த மலிவான கதவுச் சென்சர்.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, கதவு முழுதாக மூடியிருக்கிறது. போனில் எப்போது பார்த்தாலும் "திறந்திருக்கிறது" என்றே வருகிறது. புரோகிராமை மூன்று தடவை மாற்றி ஏற்றிவிட்டேன்.

தம்பி, முதலில் லப்டொப்பை மூடி வையுங்கள். சென்சரிலிருந்து வரும் இரண்டு வயரையும் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, அந்த இரண்டு முனையிலும் பிடியுங்கள். கதவில் இருக்கும் காந்தத்தை நம்பாமல் வேறொரு காந்தத்தைக் கையில் எடுத்துச் சென்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் கிட்ட வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காதை வைத்துக் கேட்டால் நகம் நகத்தில் படுகிற மாதிரி மெல்லிய "டிக்" கேட்கும்.

கையில் பிடித்த காந்தத்துக்கு மீட்டர் சத்தம் போடுகிறது, கதவை மூடினால் போடவில்லை என்றால் பிழை தூரத்தில். சாதாரணமாக ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் சென்சர்கள் 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள்தான் வேலை செய்யும். அதுவும் மரக் கதவில். நம்முடைய கதவு இரும்புத் தகடு. காந்தத்தை நேராக இரும்பில் ஒட்டினால் அதன் பலத்தில் பாதியை அந்த இரும்பே விழுங்கிவிடும். காந்தத்துக்கும் சென்சருக்கும் அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் பிளாஸ்டிக்கோ மரமோ வைத்து உயர்த்திப் பாருங்கள். இரண்டின் பக்கங்களும் ஒன்றையொன்று நேர் எதிரே பார்த்து நிற்க வேண்டும்.

அதற்கும் சரிவராவிட்டால், ரோலர் கதவுக்கென்றே அலுமினிய உடம்பும் இரும்புச் சுருள் உறை போட்ட வயருமாக ஒரு சென்சர் வருகிறது, தரையில் பூட்டுவது. 50 மில்லிமீட்டர் தாண்டியும் பிடிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் "ஷட்டருக்குப் போடுற மேக்னெட் சென்சர்" என்று கேளுங்கள்.

நுகேகொடையிலிருந்து: எனக்கு நேர்மாறு. திறந்தால் "மூடியது", மூடினால் "திறந்தது". என்ஓ (சாதாரணமாகத் திறந்த சுற்று) என்று எழுதியதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்த எழுத்தை நம்பாதீர்கள். சில கடைக்காரர் காந்தம் தூரத்தில் இருக்கும்போதுள்ள நிலையை எழுதுகிறார்கள், அலாரம் சாமான் விற்பவர்கள் காந்தம் பக்கத்தில் இருக்கும்போதுள்ள நிலையை எழுதுகிறார்கள். மீட்டர் சொல்வதே உண்மை. புரோகிராமில் "இன்வெர்டட்" (தலைகீழாகப் படி) என்று ஒரு வரி போட்டால் காட்சி சரியாகிவிடும், ஆனால் அவசரப்படாதீர்கள். கதவு மூடியிருக்கும்போது சுற்று மூடியிருக்கிற மாதிரியான சென்சரைத்தான் நான் வைத்துக்கொள்வேன். எலி வயரைக் கடித்தால் போன் "திறந்திருக்கிறது" என்று கத்தும், நான் போய்ப் பார்ப்பேன். மற்ற வகையில் வயர் அறுந்தாலும் "மூடியிருக்கிறது" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நள்ளிரவில் "கதவு திறந்தது" என்று போன் அலறுகிறது. டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடினால் கதவு மூடியே இருக்கிறது. மழை நாட்களில் தொல்லை கூடுதல். வீட்டில் ஏச்சு வாங்குகிறேன்.

இந்த ஏச்சை நானும் வாங்கியிருக்கிறேன். "மழையில் பிழை காட்டுகிறது" என்பதற்குள்ளே மூன்று தனித்தனி வியாதிகள் இருக்கின்றன, மருந்தும் வேறு வேறு. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் பதிவான நேரங்களைப் பாருங்கள். திறந்ததாகக் காட்டியது எவ்வளவு நேரம்?

ஒரு செக்கனுக்கும் குறைவு என்றால் அது வயர் பிடித்த இரைச்சல். போர்டில் சென்சர் வயர் வந்து சேரும் காலுக்குப் பின் என்று பெயர்; அதை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்தான் புல்-அப், போர்டுக்குள் இருப்பது ஏறத்தாழ 45 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் அது வயருக்குள் அனுப்புவது 0.07 மில்லி அம்பியர். பத்துப் பன்னிரண்டு மீட்டர் வயர், அதுவும் 230 வோல்ட் வயரோடு ஒரே குழாய்க்குள் போகிறது என்றால் அது அன்டெனாதான். பக்கத்தில் மோட்டார் ஓடினாலும், ரியூப் லைட் போட்டாலும், தூரத்தில் மின்னல் அடித்தாலும் ஆடும். வெளியே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் இடையில் போடுங்கள், ஓட்டம் 1.5 மில்லி அம்பியராக ஏறும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (போர்டின் பூச்சிய வோல்ட் முனை) இடையில் 0.1 மைக்ரோ ஃபரட் கபாசிட்டர். சென்சர் வயர் பின்னுக்கு வரும் வழியில் 100 ஓம் ஒன்று, இல்லாவிட்டால் கபாசிட்டரில் தேங்கியது ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய தகடுகள் வழியாக ஒரே அடியாகக் கொட்டும். வயருக்கு, மீதமாகக் கிடக்கும் நெட்வேர்க் கேபிளில் ஒரு முறுக்குச் சோடியை எடுங்கள். புரோகிராமில் அரை செக்கன் தாமதம் வையுங்கள். கதவு என்ன துப்பாக்கிக் குண்டா, அரை செக்கன் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

இரண்டு மூன்று செக்கன் திறந்து மூடி, திறந்து மூடி என்று வந்தால் காரணம் காற்று. மழை வரும்போது காற்றும் வரும், கதவுத் தகடு படபடவென்று ஆடும், காந்தம் எல்லையில் நின்று உள்ளே வெளியே விளையாடும். கையால் கதவை ஆட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். காந்தத்தைக் கிட்ட நகர்த்துவதுதான் மருந்து.

திறந்ததாகக் காட்டிவிட்டு விடியும்வரை அப்படியே நின்று, வெயில் ஏறியதும் தானாகச் சரியானால் இணைப்பைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கடல் கூப்பிடு தூரத்தில். கதவுச் சட்டத்துக்குப் பின்னால் வயரிங் பாஸ் ஒருவர் இரண்டு வயரையும் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். டேப்பை உரித்தபோது பசை நூல் நூலாக இழுபட்டது, உள்ளே செம்பு பச்சை பூத்து, விரலால் தொட்டதும் உப்பு மாதிரி உதிர்ந்தது. வெட்டி எறிந்துவிட்டு ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டேன். அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது, ஒரு சத்தமும் இல்லை.

வத்தளையிலிருந்து: கரண்ட் போய் வந்தால் சில நாள் போர்ட் எழும்புவதே இல்லை. சில நாள் ஒழுங்காக எழும்புகிறது. போர்ட் ஈஎஸ்பி8266 (ஈஎஸ்பி32இன் பழைய தம்பி), சென்சர் டி3 பின்னில்.

எழும்பாத நாட்களில் கதவு மூடியிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். டி3 என்று போர்டில் எழுதியிருப்பது சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 0 என்ற பின். உயிர் வரும் நேரத்தில் அந்தப் பின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், புதுப் புரோகிராம் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்து அந்த போர்ட் காத்துக்கொண்டே நிற்கும். மூடிய கதவு அந்தப் பின்னைக் கிரவுண்டில் இழுத்து வைத்திருக்கிறது. டி1 அல்லது டி2க்கு மாற்றுங்கள், முடிந்தது. டி4, டி8 இரண்டுக்கும் இதே மாதிரிப் பிடிவாதம் உண்டு.

கல்கிசையிலிருந்து: அண்ணா, நான் கம்பஸ் பிள்ளை. ஈஎஸ்பி32இல் 34ஆம் பின்னுக்கு உள் புல்-அப் போட்டேன். சென்சரைக் கழற்றி வைத்தாலும் திறந்து மூடி என்று ஆடுகிறது.

தங்கச்சி, 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப்பே கிடையாது. நீங்கள் எழுதிய வரியை போர்ட் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. 32, 33, 25, 26, 27 இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள்.

வத்தளையிலிருந்து இன்னொருவர்: கரண்ட் வந்ததும் கதவு தானாகத் திறக்கிறது. வீட்டில் ஆளில்லாத நேரம் நடந்தது.

இது சென்சர் கேள்வி இல்லை, ஆனால் இன்றைக்கே சரிசெய்ய வேண்டிய கேள்வி. கடைகளில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பல, பின்னில் வோல்ட் தாழ்ந்தால் இயங்குகிறவை. போர்ட் எழும்பும் ஒரு நொடியில் பின் ஆடினால் பட்டன் அழுத்தியது போலாகிவிடும். ரிலேயை இயக்கும் பின்னுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் போட்டு, எழும்பும்போது ஆடாத பின்னாகத் தேர்ந்தெடுத்து, புரோகிராமில் "எப்போதும் அணைந்தே தொடங்கு" என்று வையுங்கள். இவ்வளவும் செய்து முடிக்கும்வரை ரிலே வயரைக் கழற்றிவிட்டுப் பழைய ரிமோட்டைப் பாவியுங்கள்.

தெமட்டகொடையிலிருந்து: காந்தச் சுவிட்ச் வேண்டாம் என்று ஏ3144 ஹோல் சென்சர் (காந்தத்தை உணரும் சிப்) போட்டேன். மேசையில் வேலை செய்தது, கதவில் செய்யவில்லை.

நானா, மேசையில் எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள்? அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 3.3இல் சில நாள் நடிக்கும், சில நாள் படுத்துவிடும். 5 வோல்ட் கொடுத்து, வெளியீட்டின் புல்-அப்பை மட்டும் 3.3க்குப் போடுங்கள். அது திறந்த கலெக்டர் வகை (தானாக வோல்ட் அனுப்பாது, கிரவுண்டுக்கு இழுக்க மட்டும் செய்யும்), போர்டுக்கு ஆபத்தில்லை. இன்னொன்று, அது காந்தத்தின் ஒரு முனைக்குத்தான் மசியும். காந்தத்தைத் திருப்பி ஒட்டியிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். சொல்லப்போனால், கரண்டே தேவைப்படாத கண்ணாடிக் குழாய்தான் இந்த வேலைக்கு நல்லது.

பம்பலப்பிட்டியிலிருந்து: அலுவலகத்திலிருந்து "மூடு" அழுத்தினேன், "மூடியது" என்று காட்டியது. பின்னேரம் வந்து பார்த்தால் கதவு அரைவாசியில் நிற்கிறது.

ஐயா, உங்கள் சென்சர் எங்கே இருக்கிறது? மேலே, கதவு முழுதாகத் திறக்கும் இடத்தில் வைத்திருப்பீர்கள். கதவு அங்கிருந்து நகர்ந்ததும் "திறக்கவில்லை, ஆகவே மூடியது" என்று முடிவு கட்டிவிட்டது. போனுக்குக் கதவு தெரியாது, காந்தம் ஓரிடத்தில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஒரேயொரு சென்சர்தான் என்றால் அது கீழே இருக்க வேண்டும். இரண்டு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் இல்லாத நிலைக்கு "நடுவில்" என்று பெயர் வையுங்கள். பிறகு கதவு இறங்க எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். என்னுடையதற்கு 17. நான் 25 என்று எல்லை வைத்திருக்கிறேன், அதற்குள் கீழ்ச் சென்சர் பதில் சொல்லாவிட்டால் போன் சத்தம் போடும்.

கூடவே இதையும் பாருங்கள்: வீட்டு வைஃபை செத்துப்போனால் செயலி கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். "தொடர்பில்லை" என்று தனியாகக் காட்டும்படி அமையுங்கள். எம்கியூடிடி (போர்டும் போனும் செய்தி பரிமாறும் ஒரு முறை) பாவித்தால் அதற்கென்றே கடைசிச் செய்தி என்று ஒரு வசதி இருக்கிறது.

ராஜகிரியவிலிருந்து: கதவின் இரு பக்கமும் உள்ள ஒளிக்கண் அடிக்கடி தடுக்கிறது. அந்த வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் போனில் மூடுவது சுலபமாகுமா?

ஆகும். அதனால்தான் செய்யக்கூடாது. கதவு நிலை காட்டும் சென்சர் வேறு, ஆள் நிற்கிறாரா என்று பார்க்கும் ஒளிக்கண் வேறு. அமெரிக்காவில் குழந்தைகள் கதவுக்கடியில் அகப்பட்டு இறந்த பிறகு, 1993 முதல் செய்யப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நீங்கள் அலுவலகத்தில் இருந்து அழுத்தும்போது கதவடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தெடுக்கக் குனிந்திருக்கலாம். கண்ணாடியை ஈரத் துணியால் துடையுங்கள், சிலந்தி வலையைத் தட்டுங்கள், இரண்டு கண்ணும் நேராகப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஒரு பஸரும் வாங்கிப் பூட்டுங்கள். போனில் மூட உத்தரவு வந்தால் முதலில் ஐந்து செக்கன் அது கத்த வேண்டும், பிறகுதான் கதவு அசைய வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்தே: சென்சரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

தேய்ந்து போகிற சாமான் இல்லை. இவ்வளவு சின்ன ஓட்டத்தில் லட்சக்கணக்கான தடவை தாங்கும், வீட்டுக் கதவு நாளைக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் அசைவதில்லை. அடிபட்டால்தான் போகும். நான் ஒரே ஒரு தடவை மாற்றினேன். மகன் சைக்கிளைக் கொண்டுவந்து அதன் மேல் சாய்த்து வைத்திருந்தான். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, குலுக்கியபோது உள்ளே கண்ணாடித் தூள் சத்தம் கேட்டது.