சம்பளம் கூட்டியும் ஆள் நிற்கவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 26 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து வருகிறார்கள். ஒரு வருடத்தில் 19 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஆடிக்கு முன்பு எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தேன், அப்படியும் நிற்கவில்லை. எல்லோரும் புதுச்சேரி கடைகளுக்குத்தான் போகிறார்கள் என்கிறார் சூப்பர்வைசர். இன்னும் கூட்ட வேண்டுமா, வேறு வழி உண்டா?

பதில்: கூட்டுவதற்கு முன்னால் சம்பளப் பதிவேட்டை எடுங்கள். போன 19 பேரும் சேர்ந்த தேதியையும் நின்ற தேதியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான். எழுதி முடித்தால் மூன்று கூட்டம் தனித்தனியாகத் தெரியும். ஒரு மாதம்கூட முடிக்காமல் போனவர்கள், தீபாவளி முடிந்து போனஸ் வாங்கியதும் போனவர்கள், இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போனவர்கள். மூவருக்கும் காரணம் வேறு. ஆயிரம் ரூபாயை மூவருக்கும் ஒரே மருந்தாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

தீபாவளி முடிந்து போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சீசனுக்கு வந்தார்கள், போனார்கள். அவர்களை எடுக்கும்போதே ‘இரண்டு மாத வேலை’ என்று சொல்லி எடுத்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை. கவனிக்க வேண்டியது மற்ற இரண்டும்.

சூப்பர்வைசர் சொல்வதையும் அந்தத் தாளை வைத்தே சரிபாருங்கள். புடவை மடிக்கவே இன்னும் கைவராத, சேர்ந்து பன்னிரண்டு நாளான பெண்ணைப் புதுச்சேரி கடைக்காரர் எதற்குக் கூப்பிடப் போகிறார்? அவர் இழுப்பது உங்கள் மூன்று வருடத்துக்காரர்களைத்தான். பன்னிரண்டு நாளில் போனவள் வீட்டுக்குத்தான் போயிருப்பாள்.

ஏன் போனாள்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் இதே பிரச்சினைக்காக பில்லிங் கவுண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், ப்ளஸ் டூ முடித்தவள். ‘அந்த அக்காகூட நில்லும்மா’ என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் மேல்மாடிக்குப் போய்விட்டார். அந்த அக்கா கல்யாணப் புடவைக்கு வந்த பார்ட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவள் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடியே இருபது நிமிடம் தூண் ஓரம் நின்றாள். பையை எங்கே வைப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கழிப்பறைச் சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டில். ஒரு ஆண்பிள்ளையிடம் போய்ச் சாவி கேட்க வெட்கப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை ஓட்டினாள். நான்காம் நாள் வரவில்லை. பதிவேட்டில் ‘வீட்டில் விருப்பமில்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

சாவியை ஆணியில் மாட்டச் செலவு ஒன்றுமில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் உள்ளேயே ஒரு அக்காவைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். புதியவள் ஒரு மாதம் முடித்தால் அந்த அக்காவுக்கு ஐநூறு ரூபாய் கொடுங்கள். முதல் மூன்று நாள் மடிப்பது மட்டும், பிறகு ரேக்கில் எது எங்கே என்பது, பத்து நாள் கழித்துத்தான் பார்ட்டி முன்னால் நிற்பது என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கஸ்டமர் முன்னால் நிறுத்தி, ‘முந்தியை விரிச்சுக் காட்டத் தெரியாதா’ என்று எல்லோர் எதிரிலும் அதட்டினால் எந்தப் பிள்ளை மறுநாள் வரும்?

அடுத்தது பஸ். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உங்கள் ஊழியர்களின் மாதக் கணக்கில் இது பெரிய தொகை. ஆனால் கடை ஒன்பதரைக்கு அடைத்து, விரித்த துணியை எல்லாம் மடித்துவிட்டு வெளியே வரும்போது டவுன் பஸ் போய்விட்டிருக்கும். அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ, அல்லது அண்ணனோ அப்பாவோ வண்டியில் வந்து காத்து நிற்க வேண்டும். ‘வீட்டில் விருப்பமில்லை’ என்பதன் உண்மையான அர்த்தம் பல நேரம் இதுதான். தூரத்திலிருந்து வருகிறவர்களைக் காலையில் முதலில் வரவைத்து மாலையில் முதலில் அனுப்புங்கள். உள்ளூர்க்காரர்கள் அடைக்கும் வரை இருக்கட்டும். கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அனுமதித்த தமிழக அரசாணையிலும், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இதில் என் கணக்கிலும் ஒரு பாவம் உண்டு. தொழிலில் நுழைந்த புதிதில் ஒரு கடையில் ஃப்ளோர் மேனேஜராக இருந்தேன். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பேன். ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டதாகப் பெருமை வேறு. ஒரே ஊரிலிருந்து வரும் நான்கு பேர் தினமும் தாமதம். மூன்று மாதம் கழித்துத்தான், அவர்கள் வரும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ் ஒன்றரை மணி நேரம் முன்னால் என்று தெரிந்தது. அதற்குள் நால்வரும் போய்விட்டார்கள். அது தப்பு மட்டுமல்ல, சட்டத்துக்கும் ஒவ்வாதது. வராத நேரத்துக்கு எவ்வளவு விகிதமோ அவ்வளவுதான் பிடிக்கலாம். அபராதம் என்று போட்டால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கடையில் இப்படி ஏதாவது பிடித்தம் நடக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

உட்காரும் விஷயம். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் முறைக்கிறார்கள். முதலாளி நீங்களே வாரத்தில் ஒரு நாள் கூட்டமில்லாத மதிய நேரத்தில் ‘உட்காரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கப்புறம் யாரும் முறைக்க மாட்டார்கள்.

இனி மூன்று வருடத்துக்காரர்கள். உங்களுக்கு உண்மையான நஷ்டம் இவர்கள் போவதுதான். கஸ்டமர் உள்ளே வந்ததும் ‘அந்தப் பொண்ணு இல்லையா?’ என்று கேட்பது இவர்களைத்தானே? இவர்கள் சம்பளத்துக்காகப் போவது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. நேற்று சேர்ந்தவளுக்கும் ஆயிரம், எனக்கும் ஆயிரமா என்ற கேள்வி மனதில் விழுந்துவிட்டது. தவிர, இந்தக் கடையில் பத்து வருடம் இருந்தாலும் புடவைதான் மடிக்கப் போகிறோம் என்றும் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் நாற்காலி வெளியிலிருந்து வருகிற ஆணுக்கு என்று எழுதாத விதி இருக்கும் கடையில், கெட்டிக்காரப் பெண் எதற்குத் தங்குவாள்?

படிகள் போடுங்கள். சேல்ஸ், பிறகு பில்லிங், பிறகு ஒரு செக்‌ஷன் பொறுப்பு. ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு சம்பளம் என்று எழுதி ஒட்டுங்கள். என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்த ஒரு யோசனை: கொள்முதலுக்கு ஈரோடு செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தைக்கோ, சேலம் பக்கம் புடவை நெய்யும் இளம்பிள்ளைக்கோ போகும்போது மூத்த ஊழியர்கள் இருவரைக் கூட்டிப் போவது. எந்தக் கலர் ரேக்கிலேயே தூங்குகிறது, எந்த பார்டரைக் கஸ்டமர் கேட்டுவிட்டு இல்லை என்று திரும்பிப் போகிறார் என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தேர்ந்தெடுத்த புடவை விற்றுத் தீரும்போது முகத்தைப் பாருங்கள். தேங்கினால் திட்டாதீர்கள், நீங்கள் வாங்கித் தேங்கியதும் கிடங்கில் கிடக்கிறதே.

இன்சென்டிவ் கொடுப்பதாக இருந்தால் செக்‌ஷனுக்கு மொத்தமாகக் கொடுங்கள். ஆளுக்கு ஆள் கொடுத்தால் ‘இது என் பார்ட்டி’ என்று கஸ்டமர் எதிரிலேயே சண்டை வரும். மடிப்பதற்கும் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

உங்கள் கடைக்கு இ.எஸ்.ஐ. என்கிற ஊழியர் மருத்துவக் காப்பீடு, பி.எஃப். என்கிற சேமநல நிதி இரண்டும் பொருந்தும். 10 பேருக்கு இ.எஸ்.ஐ., 20 பேருக்கு பி.எஃப். என்பது கணக்கு. இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர்களிடம் பிடித்து 3.25 சதவீதம் நீங்கள் போடுகிறீர்கள். அந்தப் பணத்தில் அவளை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம், பிரசவத்துக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா? சொல்லாவிட்டால் அது அவள் கண்ணுக்கு வெறும் பிடித்தம்தான். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழுவும் கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். பெண்கள் இத்தனை பேர் இருக்கும் கடையில் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

ஆள் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இருக்கிறவர்கள் மூலம் எடுப்பது நல்ல வழிதான். ஆனால் ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்தால், ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து பேரும் லீவு, ஒருத்தி கோபித்துக்கொண்டால் ஐந்து பேரும் கிளம்பிவிடுவார்கள். இரண்டு பேரோடு நிறுத்துங்கள். நேர்காணலில் கெட்டதை முதலில் சொல்லுங்கள்: ஐப்பசியில் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்க முடியாது, கால் வலிக்கும், சில பார்ட்டி ஐம்பது புடவை விரிக்க வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவார்கள். அரை நாள் கூலி கொடுத்துக் கடையில் நிற்க விட்டுப் பாருங்கள். பயந்து போகிறவள் அன்றே போகட்டும்.

புதுச்சேரி போட்டி? அங்கே தினமும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும், வீடு திரும்ப இன்னும் நேரமாகும். இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலும் கையில் நிற்பது எவ்வளவு என்று போனவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அவர்களில் நல்ல மூன்று பேருக்கு நீங்களே போன் செய்யுங்கள், சூப்பர்வைசரை விட்டுச் செய்யாதீர்கள். அதற்கு முன்னால் அவர்களின் கடைசி மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பாக்கி இருந்தால் முதலில் பணத்தை அனுப்புங்கள், மறுநாள் போன் செய்யுங்கள். என்ன கோபம் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது திரும்பி வந்தால், புது ஆள் சம்பளத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.