சட்டம் கேளுங்கள்: போலிச் சரக்கும் பத்து நாள் கெடுவும்

கேள்வி: நீரேற்றும் பம்புகளுக்கான உதிரிபாகங்களைத் தயாரித்து, எங்கள் சொந்த வணிகச்சின்னத்தில் விற்கிறோம். அதே சின்னத்தைப் பொறித்த போலிகள் வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்திறங்குகின்றன. கடை கடையாகத் தேடுவதைவிடத் துறைமுகத்திலேயே அவற்றைத் தடுக்க வழியுண்டா? (வாசகர், கோவை)

பதில்: உண்டு. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் கீழ், இறக்குமதிச் சரக்குகள் மீதான அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகள் 2007 மே மாதத்தில் வெளியாகின. உங்கள் சின்னம் வணிகச்சின்னப் பதிவகத்தில் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும்; விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் போதாது. பதிவுச் சான்றிதழோடு 2,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளம் வழியாக அறிவிப்புக் கொடுத்தால், ஏற்கப்பட்டதா இல்லையா என்பதை ஆணையர் 30 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கத் தேவையில்லை. அசலையும் போலியையும் பிரித்தறியும் அடையாளங்களைப் பலர் ஒப்புக்கு எழுதிவிடுகிறார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரி உங்கள் பட்டறையில் வேலை செய்தவர் அல்லர் என்பதை மறவாமல், அச்செழுத்தின் வடிவம், வார்ப்பின் தரம், பெட்டியின் நிறம் வரை படங்களுடன் விளக்குங்கள்.

உண்மையான சோதனை, சரக்கு நிறுத்தப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது. நிறுத்திய நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் சுங்கத்துறையின் விசாரணையில் சேர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 10 வேலை நாட்கள் கிடைக்கும். அதற்குள் நீங்கள் வராவிட்டால், மற்ற இறக்குமதி நிபந்தனைகள் சரியாக இருக்கும் சரக்கை அதிகாரி விடுவித்தே ஆக வேண்டும். சரக்கு மதிப்பில் 110 சதவீதத்துக்குப் பிணைப்பத்திரமும் (எழுத்துமூல உறுதி), அந்தப் பத்திரத் தொகையில் 25 சதவீதத்துக்குப் பிணையமும் (அதற்கு ஈடான வைப்பு) நீங்கள் கொடுக்க வேண்டும். சந்தேகம் பொய்யானால் இறக்குமதியாளருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. போலி என்று முடிவானால் சரக்கு பறிமுதலாகி அழிக்கப்படும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். ஆகவே வழக்கறிஞரையும் பணத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளாமல் சுங்கத்தில் பதிவு மட்டும் செய்துவைப்பதால் பயன் இல்லை.

கேள்வி: பம்பின் ஒரு பாகத்துக்குக் காப்புரிமையும் (பேட்டன்ட்) பெற்றிருக்கிறோம். அதையும் இவ்வாறே பதிவு செய்யலாமா? (அதே வாசகர்)

பதில்: இப்போது முடியாது. தொடக்கத்தில் காப்புரிமையும் இவ்விதிகளில் இருந்தது. இரண்டு சிம் கார்டு கைப்பேசிக்கான காப்புரிமையை மதுரைக்காரர் ஒருவர் சுங்கத்தில் பதிவு செய்ததால், பல நிறுவனங்களின் கைப்பேசி இறக்குமதி சிக்கலுக்குள்ளானது. அந்தக் காப்புரிமையே 2012இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தால் ரத்தானது. போலிச் சின்னத்தைக் கண்ணால் கண்டுகொள்ளலாம், காப்புரிமை மீறலைக் கிடங்கில் நின்று தீர்மானிக்க முடியாது என்பதே என் கருத்து. 2018 ஜூன் மாதத்துத் திருத்தம் காப்புரிமையை விதிகளிலிருந்து நீக்கிவிட்டது. நீங்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வணிகச்சின்னம், பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு ஆகியவை தொடர்கின்றன.

கேள்வி: சிங்கப்பூரில் அசல் பிரிண்டர்களை வாங்கி வந்து இங்கே விற்றால், அவற்றைத் தயாரித்த நிறுவனம் தடுக்க முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: சாம்சங் பிரிண்டர்கள் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, உலகில் எங்கேனும் சட்டப்படி விற்கப்பட்ட அசல் பொருளை இங்கே இறக்குமதி செய்வதை வணிகச்சின்னச் சட்டம் தடுக்காது என்று 2012இல் தீர்ப்பளித்தது. பொருளை மாற்றியோ சேதப்படுத்தியோ விற்றால் நிலைமை வேறு. உத்தரவாதமும் பழுதுநீக்கமும் சாம்சங்கின் பொறுப்பல்ல என்பதைக் கடையில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்றும் அந்த அமர்வு கூறியிருப்பதால், முதல் பெட்டியை விற்குமுன் நீங்களும் அத்தகைய பலகையை மாட்டிவிடுங்கள்.