தகட்டில் அருவச் சிற்பம்: வாசகர் கேள்விகள்

18 கேஜ் இரும்புத் தகட்டில் மூன்றடிச் சிற்பம் செய்கிறேன். வெல்டிங் வைத்ததும் தகடு நெளிகிறது, நிறுத்தினால் ஆடுகிறது.
– ஒரு வாசகர், கோவை

18 கேஜ் என்பது 1.2 மி.மீ. தான். அதில் ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்தால், சூடேறிய கோடு ஆறும்போது சுருங்கி விளிம்பை இழுக்கும், நடுப்பகுதி உப்பிவிடும். 14 கேஜுக்கு, அதாவது 2 மி.மீ.க்கு மாறுங்கள். சதுர மீட்டருக்கு 15.7 கிலோ வரும். 40 மி.மீ.க்கு ஒரு டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வையுங்கள்: இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, பிறகு நடுவில். நன்றாக ஆறிய பின், இடைவெளிகளைச் சிறு துண்டுகளாக, தள்ளித் தள்ளி நிரப்புங்கள்.

எங்களைக் கேட்டால், இந்த அளவுக்கு வெல்டிங்கே வேண்டாம். இரண்டு தகடுகளிலும் பாதி ஆழத்துக்குக் காடி (மற்றத் தகடு நுழையும் நீள வெட்டு) வெட்டி, ஒன்றில் ஒன்றைக் கோத்துவிடுங்கள். செங்குத்தாகக் கோப்பதற்கு, பெயிண்டையும் கணக்கில் சேர்த்து 2.4 மி.மீ. அகலம் போதும். 60 பாகைச் சாய்வில் கோத்தால் அதே காடி 4 மி.மீ. ஆக வேண்டும். பலர் இதை மறந்து, சம்மட்டியால் அடித்து ஏற்றித் தகட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் நான்கு கால்கள். மூன்று புள்ளிகளில் நிறுத்தினால் எந்தத் தரையிலும் ஆடாது. உயரமான தகடு துவண்டால், அதன் பின்புறம் இரண்டு அங்குலப் பட்டையைச் செங்குத்தாக வைத்து விலா கொடுங்கள். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் பெரிய சிற்பங்களில் விலாக்களும் போல்ட் வரிசைகளும் வெளியே தெரியும். மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் 1969இல் நிறுவப்பட்ட 43 அடி உயரச் சிவப்புச் சிற்பமும் அப்படித்தான் நிற்கிறது.

வீட்டு முற்றத்தில் வைத்தால் கடல்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

துரு விளிம்பில்தான் தொடங்கும். கூர்மையான வெட்டு விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் விலகி மெலிந்துவிடும், அரத்தால் உருட்டிவிடுங்கள். கோப்பதற்கு முன்பே ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக, காடியின் உட்புறம் உட்பட, பெயிண்ட் அடியுங்கள். கடலோரத்துக்கு ரெட் ஆக்சைடு மட்டும் போதாது. எபாக்சி ஜிங்க் பிரைமர், அதன்மேல் பாலியூரித்தேன் பெயிண்ட். பளபளப்பில்லாத ரகமாக வாங்குங்கள், பளபளப்பு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் தேங்கும் மடிப்பில் 8 மி.மீ. துளை போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு நல்லதுதானே என்று அதில் வெல்டிங் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

இத்தகைய சிற்பத்தில் என்ன உருவம் இருக்கிறது என்றே புரிவதில்லை. எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகர், மதுரை

உருவத்தைத் தேடாதீர்கள், சுற்றி நடங்கள். கால்டரின் அசையும் சிற்பங்களுக்கு 'மொபைல்' என்று 1931இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் பெயர் வைத்தார்; அசையாதவற்றுக்கு மறு ஆண்டு சிற்பி ஷான் ஆர்ப் 'ஸ்டேபைல்' என்றார். சிற்பம் அசையாததால், அசையும் வேலை பார்ப்பவருடையது. எதிரே அகன்ற இலையாக நிற்கும் தகடு, நீங்கள் நான்கு அடி நகர்ந்ததும் ஒற்றைக் கோடாகிவிடும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைபட்ட வானமும் விரிந்து சுருங்கும். அந்த வெற்றிடத்தையும் சிற்பி வெட்டியிருக்கிறார்.

இதைக் கையால் அறிய ஆசையா? பழைய அட்டைப்பெட்டியில் மூன்று வடிவங்களை வெட்டி, காடி போட்டுக் கோத்து, கறுப்பு அடித்து ஜன்னலோரம் வையுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சலிப்பாக இருக்கிறதோ, அந்தப் பக்கத் தகட்டைத் திருப்புங்கள். திருப்பினால் இன்னொரு பக்கம் கெடும், அதையும் பாருங்கள்.