கயிறு அறுந்தால் லிஃப்ட் கீழே விழுந்துவிடுமா?

கடலூரில் புதிதாக எழும்பும் அபார்ட்மெண்ட்களில் லிஃப்ட் வந்துவிட்டது, ஆனாலும் கயிறு அறுந்துவிடுமோ என்று பயந்து முட்டிவலியோடு படியேறும் பெரியவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதில்.

லிஃப்ட் என்பது இரும்புத் தண்டவாளங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒரு அறை, அவ்வளவுதான். கிணற்றுச் சகடையில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டினால் ஒன்று இறங்க மற்றது ஏறும் இல்லையா? அதே மாதிரி அறைக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்கும். மோட்டாருக்குப் பாரம் வெகுவாகக் குறையும். எஃகுக் கயிறும் ஒன்றல்ல, பல.

சரி, எல்லாமே அறுந்தால்? இன்று பல நாடுகளில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் செய்யும் ஓடிஸ் நிறுவனத்தை 1853-ல் தொடங்கிய எலைஷா ஓடிஸ், மறு வருடம் நியூயார்க் கண்காட்சியில் உயரத் தூக்கிய மேடையில் தானே நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். கயிற்றின் இழுவை போனதும் மேலிருந்த வில்பட்டை விரிந்து இரண்டு பக்கமும் இருந்த பற்களில் மாட்டிக்கொள்ள, மேடை அப்படியே நின்றது! இப்போதெல்லாம் வேகம் அளவு மீறினாலே போதும், அறையோடு இருக்கும் பிடிகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும்.

அப்புறம், கரண்ட் போனால் லிஃப்ட் விழும் என்பதும் தப்பு: பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே கரண்ட்தான், அது போனதும் பிரேக் தானாகப் பிடித்துவிடும்.