சுங்குடிச் சேலைக் கடை இணையதளத்துக்கு வருகிறவர்கள் உடனே வெளியேறுவது ஏன்?

மதுரை மாசி வீதியில் கடைக்குள் நுழைகிறவரிடம் முதலில் சேலையைத்தானே விரித்துக் காட்டுவீர்கள்? உங்கள் தளமோ நிறுவனர் படத்தையும் ஓடும் 'நல்வரவு' எழுத்தையும் காட்டுகிறது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், சேலையும் விலையும் முதல் திரையிலேயே தெரியட்டும்.

பெரிய சிக்கல் படங்கள்தான். கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்ப்பவர், முடிச்சுப் புள்ளிகள் தெரிவதற்குள் பொறுமை இழந்துவிடுவார். 100 கேபி அளவுக்குச் சுருக்குங்கள். புள்ளியை உற்றுப் பார்க்க விரும்புகிறவருக்கு மட்டும், தொட்டால் பெரிய படம் திறக்கட்டும்.

மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து (யார் கொடுத்த யோசனையோ!) படிக்க முடியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதல். தொலைபேசி எண்ணையும் படமாகப் போடாதீர்கள். தொட்டவுடன் அழைப்பு போக வேண்டும்.