மலைக்குப் போகுமுன் அந்த நெஞ்சு இறுக்கத்தைக் காட்டுங்கள்

பருத்தித்துறை வாசகருக்கு,

மாசி மாதத்தில் மகனோடு அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனி சூழ்ந்த ஓர் ஏரிக்கு நடந்து போகலாமா, மலை உயரமும் குளிரும் என்ன செய்யும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் வாசித்தது கடைசிப் பந்தியைத்தான். வல்லிபுரக் கோயில் மணலில் விரைந்து நடக்கும்போதும், சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கும்போதும் நடுநெஞ்சு இறுகுவதாகவும், ஐந்து நிமிடம் நின்றால் அது விட்டுவிடுவதாகவும், கஸ்ரைட்டிஸ் என்று எண்ணிப் பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கி மூன்று மாதமாக விழுங்கி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் உங்கள் அண்ணர் அறுபது வயதில் திடீரெனக் காலமானதைச் சொல்லிவிட்டு, உடனே மலையில் மூக்கில் இரத்தம் வடியுமா என்ற கேள்விக்குப் போய்விட்டீர்கள். அண்ணருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேருமோ என்பதே உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

இரைப்பை எரிச்சல் பசியோடும் சாப்பாட்டோடும் உண்டவுடன் படுப்பதோடும் தொடர்புடையது. உடலை வருத்தும்போது வந்து, நின்றதும் அடங்குகிற இறுக்கம் வேறு இனம். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் முடியுரு நாடிகள் ஒடுங்கியிருந்தால், அமைதியாக இருக்கையில் போதுமாக இருக்கும் இரத்தம் மணலில் நடக்கும்போது போதாமல் போகிறது. அந்தப் பற்றாக்குறையை நெஞ்சு இறுக்கமாகவோ, தாடையிலும் இடக்கையிலும் பரவும் உளைவாகவோ, சிலரில் வெறும் மூச்சு வாங்குதலாகவோ உணர்கிறோம். உங்களுக்கு 59 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. உடன்பிறந்தவர் திடீரென மறைந்திருக்கிறார். இந்த நிலையில், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை இதை இருதய வலி என்றே நான் கொள்வேன். ஒமெப்ரசோல் போட்டால் குறைகிறது என்பதையும் நம்பாதீர்கள். நின்று இளைப்பாறினால் எந்தக் குளிசையும் இல்லாமலே அது குறைந்திருக்கும். நெஞ்சு வலியைக் கஸ்ரைட்டிஸ் என்று தாமே தீர்மானித்து மாதக்கணக்கில் நாளைக் கடத்தி வருபவர்களை நம் வைத்தியசாலைகள் ஓயாமல் காண்கின்றன. இது எனக்கு மிகுந்த வேதனை தருவது.

இனி மகன் அழைத்துச் செல்ல விரும்பும் இடத்தை எண்ணிப் பாருங்கள். கொலராடோவின் றொக்கி மலைத் தேசியப் பூங்காவில் பெயார் ஏரியருகே வாகனத்தை நிறுத்தும் இடமே ஏறத்தாழ 2,880 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அங்கிருந்து நிம்ஃப் ஏரி, ட்ரீம் ஏரி ஆகியவற்றைக் கடந்து எமரால்ட் ஏரிக்குச் செல்ல மூன்று கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். ஏற்றம் 200 மீற்றர் மட்டுமே என்பதால் நலமுள்ள ஒருவருக்கு அது பெரிய நடையன்று. ஆனால் அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 70 வீதமளவுதான். அதை ஈடுசெய்ய இருதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. உறைகுளிரோ தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது; நோயுற்ற முடியுரு நாடிகளையும் அது சுருக்கக்கூடும். இவற்றுக்கு மேல், தளர்ந்த பனியில் கால் புதையப் புதைய நடப்பது வல்லிபுரத்து மணலில் நடப்பது போன்ற உழைப்பு. கடல் மட்டத்தில், இளஞ்சூட்டுக் காற்றில், அந்த மணலே உங்கள் நெஞ்சை இறுக்குகிறது என்றால், இன்றைய நிலையில் நீங்கள் அந்த ஏரிக்குப் போகக் கூடாது.

சென்ற ஆண்டு எடுத்த ஈசீஜீ சரியாக இருந்தது என்கிறீர்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசீஜீ, இத்தகைய ஒடுக்கம் உள்ள பலரில் முற்றிலும் இயல்பாகவே இருக்கும். ஆகையால் அது உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. இந்த வாரமே உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையின் பொது மருத்துவ நிபுணரைக் கண்டு, எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பந்தியை அவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் உங்களை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இருதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பக்கூடும். நடைப்பட்டியில் நடக்கவிட்டு எடுக்கும் ஈசீஜீயா, இருதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவா, நேரே நாடிகளுள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் அஞ்சியோகிராமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஒடுக்கம் இருந்தாலும் மருந்தோ, தேவையெனின் நாடியை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயோ உண்டு. அவற்றின் பின் வழமையான வாழ்க்கைக்குத் திரும்புபவர்கள் ஏராளம். மாசி மாதத்துப் பயணம் தள்ளிப்போகலாம். போகட்டும்.

அடுத்து, மலை உயரத்தில் நுரையீரலில் நீர் கோப்பதைத் தடுக்கும் என்று இணையத்தில் வாசித்து வாங்கி வைத்திருக்கும் சில்டெனாஃபில் குளிசைகள். அவற்றைத் தொடாதீர்கள். நெஞ்சு வலி வந்தவருக்கு அம்புலன்ஸ் ஊழியர்கள் நாக்கின் கீழ், இரத்தக் குழாய்களை விரிக்கும் நைத்திரேற்று மருந்து கொடுப்பதுண்டு. சில்டெனாஃபில் எடுத்தவரின் உடலில் அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். உங்களைக் காக்கும் என்று நம்பிய குளிசையே சிகிச்சைக்குத் தடையாகும். மலை உயரத்தால் வரும் நோயைத் தடுக்க எடுக்கும் அசற்றசோலமைட்டும் இந்த ஒருநாள் நடைக்குத் தேவையில்லை.

அப்படி நுரையீரலில் நீர் கோப்பது பற்றிப் பார்த்த காணொளிகளையெல்லாம் மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல் விரைந்து ஏறி, அங்கேயே தங்கி உறங்குபவர்களுக்கு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவது. நீங்கள் 1,600 மீற்றரில் உள்ள டென்வரில் தங்கி, பகலில் சில மணிநேரம் மேலே போய் இறங்குபவர். தலையிடியும் சற்று ஓங்காளமும் வரலாம். அப்படியானால் இறங்கினால் போதும். மூக்கில் இரத்தம் வருவது வறண்ட காற்றால். மூக்கின் உட்புறத்தில் சிறிது வாசலின் தடவுங்கள். நீங்கள் கேட்ட முழங்காலுக்கு ஊன்றுகோல் போதுமானது. ஏரியின் பனிக்கட்டி ஆளைத் தாங்குமா, மேலுள்ள சரிவில் பனிச்சரிவு அபாயம் உண்டா என்பவற்றை அன்று காலை பூங்கா அலுவலரிடம் மகன் கேட்க வேண்டும். வைத்தியனிடம் கேட்பதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் சிறிதென்று விடமாட்டேன். இரவில் பாதம் மரத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய கால், குளிரில் விறைத்து உறைவதை உங்களுக்கு அறிவிக்காது. வைத்தியர் பாதத்தைத் தொட்டுச் சோதிக்கட்டும்; மலையில் ஈரமான காலுறையை உடனே மாற்றுங்கள், விரல்களின் நிறத்தைக் கண்ணால் பாருங்கள்.

பரிசோதனைகளின் பின் இருதய நிபுணர் இசைந்தால் மகனோடு போய்வாருங்கள். வழியில் அந்த இறுக்கம் தலைகாட்டினால் ஏரி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் அங்கேயே நின்று, அடங்கியதும் கீழே திரும்புங்கள், மகனிடம் மறைக்காதீர்கள். அதற்கு முன்னரே, இங்கு வீட்டில் இருக்கும்போது, இளைப்பாறியும் 15 நிமிடத்துக்குள் விடாத இறுக்கம் வந்தால், அல்லது வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால், ஒமெப்ரசோலைத் தேடாமல், சைக்கிளையோ முச்சக்கரவண்டியையோ நம்பாமல், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அமெரிக்காவில் அந்த இலக்கம் 911.