பழைய கணக்கைக் கிளறியதற்கு நோபலா?

கேள்வி: 2023 பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் செய்ததெல்லாம் இருநூறு வருஷத்துப் பழைய ஏடுகளைப் புரட்டியதுதானே? அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்கள் வேலைக்குப் போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். இதற்கு எதற்குப் பரிசு?

பதில்: அந்த ஊரறிந்த விஷயம் தப்பு என்று நிரூபித்ததற்குத்தான் பரிசு!

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குடிக்கணக்கு எடுக்க வந்தவர், கணவனோடு சேர்ந்து பண்ணையில் பாடுபட்டவளுக்கும் குடும்பத் தொழிலில் கைகொடுத்தவளுக்கும் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் எழுதியது 'மனைவி'. அந்த ஒரு சொல்லில் அவர்கள் உழைப்பு மொத்தமும் காணாமல் போனது. கோல்டின் அந்த ஏட்டை நம்பவில்லை. தொழிற்சாலைப் புள்ளிவிவரம், பழைய வணிகக் கையேடுகள், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்ற ஆய்வுகள் என்று கிடைத்ததையெல்லாம் ஒத்துப் பார்த்தார். 1890களின் கடைசியில் மணமான பெண்களில் வேலை பார்த்தவர்களின் விகிதம், அரசுக் கணக்கில் இருந்ததைப் போல் சுமார் மூன்று மடங்கு என்று தெரியவந்தது. விவசாயக் காலத்தில் உயரே இருந்த விகிதம் ஆலைகள் வந்ததும் சரிந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி ஏறியிருக்கிறது. நாடு முன்னேறினால் பெண்களுக்கு வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

1946இல் நியூயார்க்கில் பிறந்த கோல்டின், கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது நுண்ணுயிரியல் படிக்க. பொருளாதாரத்தின் பக்கம் இழுத்தது ஆல்ஃபிரட் கானின் வகுப்பு. அப்புறம் சிகாகோவில் ராபர்ட் ஃபோகலிடம் ஆராய்ச்சி. 1972இல் முனைவர் பட்டம். முதல் புத்தகம் அமெரிக்கத் தென்மாநில நகரங்களில் இருந்த அடிமை முறை பற்றியது. 1990இல் ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பதவி பெற்றார். அந்தத் துறையில் ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. பொருளாதார நோபலை யாருடனும் பங்கிடாமல் வாங்கிய முதல் பெண்ணும் இவர்தான்.

சரி, இன்றைக்கு இதனால் என்ன என்பீர்கள். சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தவர்களை அவரும் இரண்டு சகாக்களும் ஆராய்ந்தார்கள். வேலைக்குச் சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். குழந்தை பிறந்த பிறகுதான் இடைவெளி பெரிதாகிறது. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வரத் தயாராக இருப்பவருக்கே அந்த வேலைகள் அள்ளிக் கொடுக்கின்றன. அப்படி வர முடியாமல் போவது பெரும்பாலும் தாய்க்குத்தான். அதே அமெரிக்காவில் மருந்தாளுநர்களைப் பாருங்கள். நோயாளியின் மருந்து விவரமெல்லாம் கணினியில் இருக்கிறது. ஒருவர் கிளம்பினால் இன்னொருவர் கவுன்ட்டரில் நின்று வேலையை அப்படியே தொடரலாம். குறைந்த நேரம் வேலை பார்த்தாலும் மணிக்கணக்குக் கூலி அடிபடுவதில்லை. அங்கே ஆண் பெண் சம்பள வித்தியாசமும் மிகக் குறைவு.

'பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது, அதனால்தான் சம்பளம் குறைவு' என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், இந்த மருந்துக்கடைக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.